கண் அளவு

பட்டேல் சவுக் மெட்ரோவில்
பைகளை விழுங்கும் பெட்டிக்குள் போன வலை
திரையில் புகை மாதிரி தெரிந்தது.
இது என்ன என்றார் காவலர்.
ஜால் என்றேன்.
மீனுக்கா, கொசுவுக்கா?
நம்புராஜனிடம் ஏதோ கேட்பதுபோலத் திரும்பிக்கொண்டேன்,
சிரிப்பை விழுங்க நேரம் வேண்டியிருந்தது.

கரோல் பாக்கில் கணக்கெழுதுகிறவள் நான்.
என் இந்தியை வீட்டுக்காரரிடமும்
பால்காரரிடமும் கற்றேன்.
அதில் கடல் கிடையாது.
நேற்றிரவு பாம்பன்காரர்கள் மூவரும்
தர்மசாலையின் ஒற்றைக் கம்பளிக்குள் கால் நீட்டி
சோழகம், வாடை, கச்சான் என்று
காற்றுகளைச் சொல்லச் சொல்ல
தாளில் எழுதி, எதிரே
ஹவா, ஹவா, ஹவா என்று போட்டேன்.

வரைவுச் சட்டத்தில்
'கலம்' என்ற சொல்லுக்கு ஆறு வரி விளக்கம்.
அந்த ஆறு வரிக்குள்
இருநூறு குதிரைத்திறன் விசைப்படகும் அடங்குகிறது,
எஸ்கலின் ஒற்றைத் துடுப்போடு குந்திப் போகும்
தெர்மாகோல் தெப்பமும் அடங்குகிறது.
ரெண்டுக்கும் ஒரே அபராதம்.
"நம்மளையும் கப்பக்காரன் ஆக்கிட்டாங்களே,
ஊருல சொன்னா பொண்ணு குடுப்பான்" என்றான் எஸ்கலின்.

பத்து நிமிடம் தந்திருந்தார்கள்.
ஹீட்டர் எரிந்த அறையில் பட்நாகர் அம்மா
எல்லோருக்கும் தேநீர் சொன்னார்.
நல்லவர்தான். அதுதான் சிரமம்.
'வலைக்கண் அளவு விதிகளால் பின்னர் நிர்ணயிக்கப்படும்'
என்ற வரியைக் காட்டி
எல்லாம் இதில் இருக்கிறதே என்றார்.

அமலோற்பவம் எழுந்து
கோப்புகளுக்கு மேலேயே விரித்தாள்.
ஒரு பக்கம் அவள் நண்டு வலை.
ஒரு பக்கம்
கரை ஒதுங்கிய இரட்டைமடியின் வால்,
இன்னும் பாசி நாற்றத்தோடு.
அளந்து பார்க்க ஸ்கேல் கேட்டார் பட்நாகர் அம்மா.
மூன்று அறை தேடியும்
மீன்வளத்துக்கான அந்த மாடியில் ஒரு ஸ்கேல் இல்லை.

"அந்தக் கழுத்து அட்டையக் குடுங்கம்மா."

நண்டு வலையின் கண்ணில் நுழைந்து
அசோகச் சக்கரமும் புகைப்படமுமாக
மறுபக்கம் மேசையில் விழுந்தது அட்டை.
இரட்டைமடியில் அட்டை எங்கே,
அமலோற்பவத்தின் சுண்டுவிரலே
முதல் கணுவோடு நின்றுவிட்டது.
"இதுல குஞ்சு தப்பிச்சிரும்" என்றாள்.
"அதுல தப்பாது."

பச்சா பச் கயா என்றேன்.
என்னை அறியாமல் எதுகை விழுந்துவிட்டது.
பட்நாகர் அம்மா சிரித்தார்,
மேசையில் மல்லாந்து கிடந்த தன் முகத்தைப் பார்த்தார்,
பிறகு சிரிக்கவில்லை.
வரைவின் ஓரத்தில் ஏதோ குறித்தார்.
பென்சிலால்.
அதைத் தமிழில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.
நம்புராஜன் பார்த்துவிட்டார்.

மாதிரிக்கு இரண்டையும் வைத்துப் போகலாமே என்றார்.
மடியை வச்சுக்கங்க, என்றாள் அமலோற்பவம்,
இதுக்குத் திங்கக்கிழமை வேலை இருக்கு.

கீழே ரசீது தந்தவர்
பொருள் என்ற கட்டத்தில் 'மீன்' என்று எழுதி
முத்திரை குத்தினார்.
பதில் வரத் தொண்ணூறு நாளாம்.
நம்புராஜன் விரல் மடக்கினார்:
தை, மாசி, பங்குனி.
"சித்திரைல விசைப்படகெல்லாம் தடைக்குக் கட்டிக் கிடக்கும்.
பதில் வர்றப்ப கடல் கொஞ்சம் தெளிஞ்சிருக்கும்."
அது நம்பிக்கையா கிண்டலா
என்று எனக்குப் பிடிபடவில்லை.

திரும்பும்போது மெட்ரோவில்
காவலர் மாறியிருந்தார்.
திரையில் மறுபடி புகை.
எஸ்கலின் பையைத் திறந்தான்.
இது என்ன என்றார் புதியவர்.
பின்னால் வரிசை நீண்டது.

நான் முதலிலிருந்து தொடங்கினேன்.